கரும்பொருள் குளிர்ச்சியானது எனத் தீர்மானிக்கப்பட்டது

பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து, தான் எப்படிப்பட்டது என்று முடிவெடுக்கத் துணையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது 'டார்க் மேட்டர்' எனப்படும் கரும்பொருள். சென்ற புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, எங்கள் ஆய்வுக்கழகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தோம். கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் எனக்கு.

இயக்குநர் முந்தின வாரமே தொலைக்காட்சியில், "கரும்பொருள் குளிர்ச்சியானது, முதல் நட்சத்திரங்கள் சீக்கிரமே பிறந்துவிட்டன" என்று அறிவித்திருந்தார். ஆகவே 'விவாதம்' சுமுகமாகவே நடந்திருக்கும். கணினிப் பிரிவு ஆய்வாளர் மட்டும் எழுந்து நின்றார். மூன்று வருடம் இதே கணக்கோடு மல்லுக்கட்டிய பெண்.

"சார், அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதோட ஈர்ப்புலதான் வாயு வந்து சேருது. மெதுவா நகர்ற குளிர்ச்சியான துகளா இருந்தா சின்னச் சின்னக் கட்டியா சேரும், நட்சத்திரம் சீக்கிரம் பிறக்கும். கொஞ்சம் சூடா, வேகமா ஓடுறதா இருந்தா சின்னக் கட்டி உருவாகவே விடாது. நட்சத்திரம் தாமதமாத்தான் பிறக்கும். எதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அறிக்கையில ரெண்டையும் போடணும்."

"எவ்வளவு தாமதம்மா?"

"பல கோடி வருஷம் சார்."

இயக்குநர் அதிர்ந்தார். "நான் டிவியில சொல்லிட்டேனேம்மா! இப்பப் போய்த் தள்ளிவெச்சா என் மானம் என்னாகும்?"

நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமினார். "சூடுன்னு எழுதினா, ஏ.சி. சரியா வேலை செய்யலையான்னு மேலிடத்துல கேப்பாங்க சார்."

ஆறு கைகள் உயர்ந்தன. ஆய்வாளரின் கை உயரவில்லை.

"ஏகமனதாகன்னு போடுங்க" என்றார் இயக்குநர் என்னிடம்.

போட்டேன். ஆய்வாளர் பேசிய அத்தனையையும் 'தேநீர் இடைவேளை' என்று இரண்டே சொல்லில் அடக்கி, கீழே கையெழுத்துப் போட்டேன். சுருக்கம் ஒரு நிர்வாகக் கலை.

வெள்ளிக்கிழமை அவர் ராஜினாமாக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்காவது புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா. சூடுன்னா கட்டி சேராது, நட்சத்திரம் லேட்டாகும்."

கடிதத்தை என் மேசையில் வைத்தார். திட்டியிருக்கலாம். "தேங்க்ஸ்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இயக்குநரை யாரும் குறை சொல்லக் கூடாது. அவருக்குச் சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. கை தூக்கிய மற்ற ஐவருக்கும் அப்படியே. அந்த அறையில் எல்லாம் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவன் நான் ஒருவன்தான்.