முதல் நாற்காலிக்குப் போட்ட கர்சீப்

எனக்கு என் சகலை மேல் பொறாமை. இதை எழுதலாமா என்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "எழுதுங்க, ஊருல யாருக்குத் தெரியாது?" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். ஆகவே இதில் புதிதாக உடைபடும் ரகசியம் எதுவும் இல்லை. நடந்ததை முறைப்படி ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

சகலையின் பெயர் கொளஞ்சிநாதன். என் மனைவியின் தங்கை மலரின் கணவர். என்னைவிட ஆறு வயது இளையவர். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், அவரிடம் குறை என்று எதுவும் இல்லாததுதான். குடிக்க மாட்டார். சத்தமாகப் பேச மாட்டார். மாமியார் வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துப் போடுவார். (அவர் எடுத்துப் போடுவதால் நானும் எடுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. அதுவரை ஒன்பது வருடம் நான் இலையைத் தொட்டதில்லை.) போதாக்குறைக்குத் தலைமுடி வேறு அவருக்கு அப்படியே இருக்கிறது.

நல்லூரில் எங்கள் மாமனார் வீட்டுக் கூடத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு, ஃபேனுக்கு நேர் கீழே. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூல். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் அந்த நாற்காலி என்னுடையது. அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் அதில் இருப்பவர் யாராக இருந்தாலும் எழுந்துவிடுவார். என் வாழ்க்கையில் நான் நுழைந்ததும் யாராவது எழுந்திருக்கும் இடம் அது ஒன்றுதான்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சேப்டி சூப்பர்வைசர். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் டீக் கோப்பையும் செய்யும் இடம். மாஸ்க் போடச் சொல்வது, சூளைப் பக்கம் செருப்பில்லாமல் போகிறவர்களைத் துரத்துவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணியடித்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தித் தலை எண்ணுவது, இவை என் வேலை. சகலைக்கும் இதே வேலைதான், சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில். ஒரே படிப்பு, ஒரே வேலை. அதிலேயே எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது.

ஒருநாள் அவரே போன் செய்தார்.

"அண்ணே, கவர்மெண்ட்ல மூத்த பணியிடப் பாதுகாப்பு ஆலோசகர்னு ஒரு போஸ்ட்டு போட்டுருக்குறாங்க. நம்ம பக்கத்து செராமிக் யூனிட்டு, மில்லு எல்லாத்துக்கும் ஒரே ஆளு. ஆபீஸு விருத்தாசலத்துலயே. படிச்சதும் உங்க ஞாபகம்தாண்ணே வந்துச்சு."

நான் நெகிழ்ந்துபோனேன். சுமார் நாலு வினாடி. அதற்குள் அவர், "நானும் சும்மா ஒண்ணு போட்டு வெக்கிறேண்ணே" என்றார்.

அந்தச் 'சும்மா' என் தூக்கத்தைக் கெடுத்தது. வேலை கிடைக்காமல் போவது எனக்குப் பழக்கம்தான், தாங்கிக்கொள்வேன். ஆனால் எனக்குக் கிடைக்காமல் அவருக்குக் கிடைத்தால்? பதவியின் பெயரிலேயே 'மூத்த' என்று இருந்தது. மூத்த ஆலோசகர் கூடத்துக்குள் நுழையும்போது மூத்த மாப்பிள்ளை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்க முடியுமா? என் மனைவி, "வேலைக்குப் போடுறீங்களா, நாற்காலிக்குப் போடுறீங்களா?" என்று கேட்டாள். விண்ணப்பத்தை அனுப்பினேன்.

இருவருக்கும் நேர்காணல் கடிதம் வந்தது. விருத்தாசலத்தில் ஓர் அரசுக் கட்டடத்தின் மாடியில், காலை பத்து மணிக்கு. முதல் ஆளாகப் போய்விட்டால் அதிகாரிகள் களைப்பில்லாமல் இருப்பார்கள், என் பதில்களை முழுதாக ரசிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். காலை ஏழே முக்காலுக்கெல்லாம் போய் நின்றேன். வராந்தாவில் ஒன்பது நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. முதல் நாற்காலியில் கொளஞ்சிநாதன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே. மொத பஸ்ஸையே புடிச்சுட்டேன், லேட்டாயிடும்னு பயம்" என்று சொல்லி எழுந்தார். "நீங்க இதுல உக்காருங்க. பெரியவங்க நீங்கதான் மொதல்ல போவணும்."

நல்ல மனிதனாக இருந்தால் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'வேணாம் தம்பி, நீ உக்காரு' என்றுதானே? நான் அவர் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அவர் இரண்டாவதில் உட்கார்ந்தார். விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அதற்கும் வயிறு எரிந்தது.

மற்ற ஏழு பேரும் வந்தார்கள். அலுவலக உதவியாளர் வந்து, "உக்காந்துருக்குற வரிசையிலதான் கூப்புடுவாங்க. சேரு மாத்தாதீங்க" என்று அறிவித்துவிட்டுப் போனார். நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

பத்து மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது அபாய மணி அடித்தது. பள்ளிக்கூட மணி மாதிரி இல்லை, காதைக் கிழிக்கிற மணி. வராந்தாவின் கோடியில் லேசாகப் புகையும் தெரிந்தது.

"அண்ணே, ஃபயர் பெல்லு! வாங்க!" என்றார் சகலை. எல்லாரும் படியை நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். பதினாலு வருட சர்வீஸ், கால் தானாகப் போனது.

பாதிப் படியில்தான் அந்த எண்ணம் வந்தது. மணி நின்றதும் எல்லாரும் திரும்ப ஏறுவார்கள். சகலை காலை நேரத்தில் ஓட்டப் பயிற்சி செய்கிறவர். எனக்கு முழங்கால் வலி. யார் முதலில் ஏறுவார்? ஏறியவர் எந்த நாற்காலியில் உட்காருவார்? ஒருவேளை இதெல்லாம் தெரிந்துதான் காலையில் அத்தனை தாராளமாக விட்டுக்கொடுத்தாரோ?

திரும்பினேன். எதிரே வந்தவர்களை ஒதுக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

அடுத்து நான் செய்ததை, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஏறிய எவரும் புரிந்துகொள்வார்கள். பாக்கெட்டில் இருந்து கர்சீப்பை எடுத்து முதல் நாற்காலியில் போட்டேன்.

போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் கர்சீப்பின் லட்சணம் எனக்குத் தெரியும். ஒருமுறை சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஜன்னல் வழியாக நான் போட்ட கர்சீப்பை ஒருவர் எடுத்து முகம் துடைத்துவிட்டு, "யாருதுங்க இது?" என்று என்னிடமே நீட்டினார். அதனால் கர்சீப்புக்கு மேல் பையை வைத்தேன். பையில் என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் இருக்கிறதே, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன். அப்போதைக்கு அதுதான் எனக்கு மிகப் பாதுகாப்பான ஏற்பாடாகத் தோன்றியது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. புகை அதிகமானது. காலியான எட்டு நாற்காலிகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

(இந்த இடத்தில் அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற பெண்மணி. ஒருமுறை ஒத்திகை மணி அடித்தபோது, வெளியே வந்தவள் தன் தூக்குவாளியை எடுக்க மறுபடி உள்ளே போய்விட்டாள். எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்து, 'உசுரு பெருசா, சோறு பெருசா?' என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தவன் நான்தான்.)

படியில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். ஹெல்மெட் போட்ட தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் புகைக்குள்ளிருந்து வந்தார்கள்.

"யோவ், யாருய்யா அது?"

"நான் மொத ஆளுங்க" என்றேன்.

"எந்திரிய்யா!"

"பேரக் கூப்புட்டாங்களா?"

அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசவில்லை. ஒருவர் குனிந்தார், நான் அவர் தோளில் கிடந்தேன். தலை கீழே, கால் முன்னே. பையை மட்டும் விடவில்லை. கர்சீப் அங்கேயே கிடந்தது. அதை எட்டிப் பிடிக்கவும் பார்த்தேன் என்று அந்த வீரர் பிற்பாடு சாட்சி சொன்னார். எனக்கு நினைவில்லை.

கீழே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் அம்மா. கையில் காகிதம், பேனா. நேர்காணலே அந்த மணியோடுதான் தொடங்கியிருக்கிறது. பாதுகாப்பு ஆலோசகராக வரப்போகிறவர் ஆபத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதற்கான ஒத்திகை. புகையும் அவர்கள் போட்டதுதான்.

என்னைத் தோளிலிருந்து இறக்கியதும் அந்த அம்மா வீரர்களைப் பார்த்து, "மேல வெச்ச வைக்கோல் பொம்மையத்தானே கொண்டாரச் சொன்னேன்?" என்றார்.

"பொம்மை ரூம்ல இருக்குதும்மா. அதுக்கு முன்னாடி இவரு இருந்தாரு."

நான் சட்டையைச் சரிசெய்தேன். அப்போதுதான் சகலையைப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"அண்ணே, ஒண்ணும் ஆவலையே? எண்ணிப் பாத்தேன், எட்டுப் பேருதான் இருந்தோம். நீங்கதான் இல்லைன்னதும் எனக்கு உசுரே இல்லண்ணே. அக்காவுக்கு என்னா பதிலு சொல்றதுன்னு..."

அந்த அம்மா அவரை உற்றுப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எதையோ எழுதினார். நான் தலைகீழாக வந்துகொண்டிருந்த நேரத்தில் கீழே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இறங்கிய எட்டுப் பேரில் தலை எண்ணியது அவர் ஒருவர்தான். ஆள் குறைகிறது என்று தெரிந்ததும் அவர் உள்ளே ஓடவில்லை. நேராக வீரர்களிடம் போய், "மாடியில ஒருத்தர் இருக்காரு, மொத சேருகிட்ட பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் உள்ளபடி, ஒரு பிசகில்லாமல். அவர் எண்ணி ஆள் குறைய வேண்டுமானால், குறைவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த உதவியை நான் செய்திருந்தேன்.

இருந்தும் என்னை நேர்காணல் செய்தார்கள். வரிசைப்படி நான்தான் முதல்.

"தீ எச்சரிக்கை மணி அடிச்சா ஒரு தொழிலாளி என்னா செய்யணும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

கடகடவென்று சொன்னேன். வேலையை அப்படியே நிறுத்த வேண்டும், உடைமைகளை எடுக்கக் கூடாது, எக்காரணம் கொண்டும் திரும்பி உள்ளே போகக் கூடாது. ஓர் எழுத்துப் பிழை இல்லாத பதில். சொல்லும்போது பை என் மடியில் இருந்தது. மூன்று பேரும் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

வேலை கொளஞ்சிநாதனுக்குப் போனது. நல்லூரில் கிடா வெட்டி விருந்து. வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி விடவில்லை. கூடத்தில் நான் நுழைந்தபோது சகலை கைவைத்த நாற்காலியில் இல்லை. ஸ்டூலில் இருந்தார். நாற்காலியை எனக்காகக் காலியாகவே வைத்திருந்தார். அப்படிச் செய்கிறவரை என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் அவர் எல்லாரிடமும், "இந்த வேலை அண்ணனாலதான் கெடச்சுது" என்றார். மனசாரச் சொன்னார். சொந்தக்காரர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். அதோடு முடிந்திருக்கும். மாமியார், "அப்படி என்னா செஞ்சாரு பெரிய மாப்ள?" என்று கேட்டுவிட்டார். சகலைக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் முன்பே சொன்னேனே. சொல்லவில்லையா? வராது.

எங்கள் மாமியார் மாப்பிள்ளைகள் எதிரே சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். பம்ப் செட் வரை அவர் சிரிப்பு கேட்டது.

சகலை எங்கள் கம்பெனிக்கும் பயிற்சி கொடுக்க வந்தார். பெயர் சொல்லாமல், "ஒருத்தர் இப்புடித்தான் நாற்காலிக்காகத் திரும்பிப் போனாரு" என்று எடுத்துக்காட்டுச் சொன்னார். பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அஞ்சலை பின்வரிசையிலிருந்து எழுந்து, "சாரு, உசுரு பெருசா, சேரு பெருசா?" என்று கேட்டாள். அதே வருகையில்தான் மண் அரைக்கிற இடத்தில் நான் இருமுவதைப் பார்த்து, சகலை தூசி உறிஞ்சும் மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார். பதினாலு வருடம் நான் வாயால் கேட்டும் வராத மெஷின், அவர் எழுதி இரண்டே மாதத்தில் வந்தது. இருமல் நின்றுவிட்டது. இப்போது மூச்சு நன்றாக வருவதால் முன்பைவிடத் தெம்பாகப் பொறாமைப்பட முடிகிறது.

இன்றும் குடும்பத்தில் யாராவது கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கவேண்டும் என்றால், "பெரிய மாப்ளய அனுப்புங்க, நெருப்பே வந்தாலும் எந்திரிக்க மாட்டாரு" என்கிறார்கள். போன பொங்கலுக்கு நல்லூர் போனபோது கைவைத்த நாற்காலியின் முதுகில் சகலையின் மகள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். 'மணி அடித்தால் எழவும்' என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கை கழுவ எழுந்தேன்.

எழுந்தவன், சகலை வாசலில்தான் நிற்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் கர்சீப்பைப் போட்டுவிட்டுப் போனேன்.