ஸ்குரூடிரைவர் அத்தான்

மெக்கானிக்குகளின் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. இவர்கள் எந்தச் சாமானையும் பழுதுபார்க்கப் படித்தவர்கள் அல்லர். படித்தவனை வீட்டுக்குள் விடாமலிருக்கப் படித்தவர்கள். மிக்சி லேசாக முனகினால் போதும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர்கள் கைபட்ட கடிகாரம் ஓடும். எந்தத் திசையில் என்பது வேறு விஷயம். இவர்கள் ஆணியடித்த நாற்காலியில் வேண்டாத விருந்தாளிகளைத்தான் உட்காரவைக்கலாம். ரிப்பேர் முடிந்ததா என்று கேட்டுப் பாருங்களேன். “முன்னைக்கு இப்போ எவ்வளவோ பரவால்ல” என்பார்கள்.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேலாளர். மனைவியின் தம்பி தங்கைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்குரூடிரைவர் அத்தான். அது கேலி என்று புரியாமல், அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார்.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பிறந்தநாள் கேக்குகளிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதன்முதலாக ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. மூன்று அடுக்கு, வெள்ளைக் கிரீம், விளிம்பெல்லாம் கிரீம் ரோஜா. ஃப்ரிட்ஜுக்குள் நுழையாத உயரம் என்பதால், படுக்கையறையில் பல நாளாக ஓடாதிருந்த ஏசியை ஓடவிட்டு, மேஜைமேல் கேக்கை நிறுத்தி, சாயங்காலம் வண்டி வரும்வரை அங்கே யாரும் மூச்சுகூட விடக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தாள். மத்தியானம் கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே புழுக்கம். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. காற்றும் வந்தது. குளிர்தான் இல்லை.

அன்று விடுமுறை. அத்தான் வீட்டில் இருந்தார். அவளுடைய நேரம்!

“என்னங்க, ஏசி குளிரவே மாட்டேங்குது. மெக்கானிக்குக்கு ஒரு போன் போடவா?”

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் மெல்ல உதித்தது. அதில்தான் என்ன ஆனந்தம்!

“மெக்கானிக்கா? அவன் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? நானே பாத்துக்கறேன்.”

பார்த்தார். நெடுநேரம் பார்க்க மட்டுமே செய்தார். இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, கெட்ட சேதி சொல்லுமுன் டாக்டர்கள் விடுவார்களே ஒரு ‘ம்ம்’, அதையும் விட்டார்.

“கேஸ் போயிடுச்சு.”

“எப்படிங்க தெரியும்?”

“சத்தத்துலயே தெரியுதே.”

பிறகு கேஸ் இல்லை, வோல்டேஜ் குறைவு என்றார். தலைக்குமேல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதற்கும் பிறகு கெப்பாசிட்டர் என்றார். அது எங்கே இருக்கும் என்று அவள் கேட்டுவிட்டாள்.

“அதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது.”

யாருக்குத்தான் புரிந்தது?

ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி, பேன்ட்டில் தேய்த்து, திரும்பப் போட்டார். ஏசியின் பக்கவாட்டில் அன்பாக இரண்டு தட்டு தட்டினார். கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, ஃபில்டரை உருவினார். போன கோடைக்காலத்துத் தூசி முழுவதும் பொலபொலவென்று கிளம்பியது. அவள் பாய்ந்துவந்து, போர்வையை விரித்துக் கேக்குக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டாள். கை கடுத்தது. கண்ணெதிரே ஒரு ரோஜா தலையைத் தொங்கப்போட்டது. மேலடுக்கு, யாரோ கூப்பிட்ட மாதிரி, மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

“உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், யாரையாவது கூப்பிடுங்க. இது கெட்டுச்சுன்னா இனிமே ஒருத்தரும் என்னை நம்பி ஆர்டர் குடுக்க மாட்டாங்க.”

“நீ இப்படி டென்ஷன் ஆகறதாலதான் ரூமே சூடாகுது” என்றார் அத்தான், ஃபில்டரைக் கழுவப் போகிற வழியில்.

அவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். இரண்டு பெண்களும் கேக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நடைவழியில் பக்கவாட்டாக நகர்ந்து, அக்கா வீட்டு ஏசி அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே குளிர் இருந்தது. மிச்சக் கிரீமால் மேலடுக்கை நிமிர்த்தி, வாடிய ரோஜாவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அக்கா பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுப் பின்சுவர் தெரியும். அதில், ஏசியின் வெளிப்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில், நீலத் தார்ப்பாய் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை.

“அக்கா, அது என்ன?”

“உனக்குத் தெரியாதா? போன ஞாயித்துக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தப்போ உன் வீட்டுக்காரர்தான் கட்டினாரு. வெயில்ல கிடந்து வீணாப் போகுதாம். பெத்த பிள்ளைக்குப் போத்திவிடற மாதிரி அவ்வளவு பதவிசா!”

அறையின் சூட்டையெல்லாம் வாங்கி வெளியே ஊதித் தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் ஒரே வேலை. அதற்கு மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியாயிற்று.

அவள் வீட்டுக்கு வந்தாள். ஏசியை அணைத்தாள். கேக் வெட்டும் கத்தியோடு பின்பால்கனிக்குப் போய்க் கயிற்றை அறுத்தாள். பெட்டி சூடு ஆறும்வரை காத்திருந்து, பிறகு சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று காற்று இறங்கியது.

அத்தான் அதன் கீழே போய்க் கண்ணை மூடி நின்றார்.

“பாத்தியா? ஃபில்டரைக் கழுவினதும் எப்படிப் பிடிச்சுக்கிச்சு!”

அவள் தார்ப்பாயை அவர் முன்னால் தொப்பென்று போட்டாள். அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கத்தியையும் பார்த்தார்.

“அடடே, அடுத்ததா இதைத்தான் பாக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்.”

கேக் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாண வீட்டிலிருந்து அடுத்த ஆர்டருக்கும் சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் வாஷிங் மெஷின் ஒரு மாதிரியாக உறுமியதாம். அவள் வாயே திறக்கவில்லை. அத்தான் ஆபீஸுக்குக் கிளம்பி, அவர் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் மெக்கானிக்கை வரச்சொன்னாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், ஏசி குளிரவில்லை என்று படித்த இடத்தில், ‘கேஸாத்தான் இருக்கும்’ என்றோ, ‘முதல்ல ஃபில்டரைப் பாக்கணும்’ என்றோ உங்கள் மனசு முணுமுணுக்கவே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், பார்ப்போம். முணுமுணுத்ததா? அப்படியானால், நாளைக்கு நீங்கள் வெளியே கிளம்பும்போது, உங்கள் வீட்டில் யார் கையில் போனோடு வாசல்வரை வந்து வழியனுப்புகிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள்.