பிடிக்காது, அவ்வளவுதான்

மனிதர்களில் பயந்தாங்கொள்ளிகள் உண்டு, தைரியசாலிகள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுங்குகிற காலை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஏதோ பாகற்காயைப் பற்றிப் பேசுவதுபோல, "பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பிடிக்காது, அவ்வளவுதான்" என்பார்களே, அவர்கள்தான்.

நம்முடைய லிஃப்ட் மெக்கானிக் இந்த இனத்தில் முதல் தரம். கீழே பார்த்தால் தலை சுற்றும் லிஃப்ட் குழிக்குள், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் தொங்கி மறு கையால் போல்ட் முடுக்குவார். கரண்ட் அடித்தால், "சும்மா கிள்ளிட்டுப் போகுது" என்பார். ஆனால் கோமாளி? அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

எல்லாம் சின்ன வயதில் வந்த வினை. பெரியவர்கள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அக்கா ஒரு படம் போட்டாள். வில்லன் ஒரு கோமாளி. மாவு பூசிய முகம், காதுவரை சிவப்பு வாய், பேசுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு. யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் உள்ளே நிற்பான். தலையணையைக் கடித்துக்கொண்டிருந்த தம்பியிடம், "பயமா இருந்தா எழுந்து போடா" என்றாள் அக்கா.

"பயமில்ல. பிடிக்கல, அவ்வளவுதான்."

அன்று பிறந்தது அந்த வாக்கியம். அதற்கப்புறம் அவன் அலமாரிப் பக்கமே போகவில்லை. கொடியில் கிடந்த ஒரே சட்டையோடு பள்ளிக்கூடம் போய் வந்தான்.

வளர்ந்த பின் சர்க்கஸ் வந்தால் அவருக்கு முதுகுவலியும் கூடவே வந்தது. யாராவது பிறந்தநாளுக்கு அழைத்தால் மனைவியிடம் மெதுவாகச் சொல்வார்: "வேஷம் கட்டினவங்க வர்றாங்களான்னு கேளு. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது." மோட்டார் இரைச்சலிலேயே வயதைக் கழித்த மனிதருக்குச் சத்தம் ஆகாதாம்! மனைவி நம்பினாரா? நம்பியதுபோல் இருப்பதற்குப் பெயர்தானே குடும்பம்.

போன மாதம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அழைப்பு. மெக்கானிக் போய், சாவியைப் போட்டு, கதவை ஒரு சாண் விலக்கினார். இடுக்கில் வெள்ளை முகம். சிவப்பு மூக்கு. காதுவரை வாய்.

கதவை மூடிவிட்டார்.

"ஏங்க, எதுக்கு மூடினீங்க? என் பொண்ணு பிறந்தநாளுக்கு வந்தவருங்க அவரு!" என்று பதறினாள் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி.

"ஒரு செக்கிங் பாக்கி இருக்கு." வியர்வை அவர் மூக்கு நுனியில் சொட்டியது.

உள்ளிருந்து படபடவென்று தட்டும் சத்தம். "அண்ணே! திறங்கண்ணே! மூச்சு முட்டுதண்ணே!"

மெக்கானிக் யோசித்தார். படத்தில் வந்தவன் யாரையும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கதவைத் திறந்து கையை நீட்டினார். கோமாளி இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டான். ஒரு கை மற்றதை நசுக்கிப் பிடித்தது. யார் கை என்று கேட்காதீர்கள். மேலே இழுத்து விட்டதும் அவன் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்தான். மாவில் கண்ணீர் கோடு போட்டிருந்தது; கோட்டுக்குள் ரெண்டு நாள் தாடி தெரிந்தது.

"பயந்துட்டீங்களா தம்பி?"

"பயமெல்லாம் இல்லண்ணே. லிஃப்ட்டு பிடிக்காது, அவ்வளவுதான்."

இத்தனை வருஷமாகத் தன் வாயிலிருந்த வாக்கியம் அந்தச் சிவப்பு வாயிலிருந்து வந்து விழுந்ததும் மெக்கானிக்குக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார், ஒரு முழம் தள்ளித்தான். தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பிறகு, "வாங்க, படியிலேயே போவோம்" என்று கூடவே ஏறிப்போய் பிறந்தநாள் வீட்டில் விட்டார். அவனை முன்னால் நடக்கவிட்டார் என்பது உண்மைதான். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடுமா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "பயமா இல்லியா?" என்று கேட்டார் மனைவி.

"இருந்துச்சு."

"அப்பாடா!" என்றார் மனைவி. "கல்யாணமான நாள்லேர்ந்து இதைக் கேக்கத்தான் காத்துட்டிருந்தேன்."

ஆக, அந்த இனத்தில் இப்போது ஓர் இடம் காலி. சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை குளியலறைச் சுவரில் பல்லியைப் பார்த்துவிட்டு, துண்டும் தோளுமாகத் திரும்பி வந்து, "எனக்கென்ன அவசரம், நீங்க முதல்ல குளிச்சிட்டு வாங்க" என்று பெருந்தன்மையோடு வழிவிட்டது யார்? நான் பெயர் சொல்லவில்லை.