வெயிலின் மீது ஒரு வழக்கு

என் தலைவலிக்கு நேரம் தவறாத குணம் உண்டு. எனக்கு இல்லாத குணம். வந்தால் பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத்தான் வரும். வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருப்புளி வைத்து முடுக்குவார்கள். அந்த ஒரு கண் மட்டும் அழும். ஒரு மணி நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். கொத்துத் தலைவலி என்று பெயர். சில வாரங்கள் கொத்தாக வந்து தங்கிவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது.

இந்த முறை வந்ததும் ஒரு சபதம் செய்தேன். குற்றவாளி இந்த ஊர் வெயில்தான் என்று நிரூபிப்பது. நிரூபித்த கையோடு, இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த குளிர் நாட்டுக்கே குடும்பத்தைத் திருப்பிக்கொண்டு போவது. குடும்பம் என்றால் நானும் மனைவியும்.

சிக்கல் மனைவிதான். ஊர் திரும்பிய இரண்டு வருஷத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கிவிட்டாள். ஒரு கார், ஒரு வாடகை அறை, பதினாறு மாணவிகள். அங்கே சனிக்கிழமைக்காக ஏங்கியவள், இங்கே திங்கட்கிழமை காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் தேடுகிறாள். அவளிடம் போய் "கிளம்பு" என்று வெறுங்கையோடு சொல்ல முடியுமா? ஆதாரம் வேண்டும்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். பால்கனியில் எண் காட்டும் வெப்பமானி ஒன்றை மாட்டினேன். வலி வரும்போதெல்லாம் குறித்துவைக்க டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். குறித்தேன். வலி எட்டு, வெப்பம் முப்பத்தெட்டு. வலி ஒன்பது, வெப்பம் நாற்பது. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின.

"ஏங்க, தினமும் அப்படி என்னதான் எழுதுறீங்க?"

"உண்மையை."

"எழுதுங்க, எழுதுங்க. கையெழுத்தாவது திருந்தட்டும்."

மூன்றாம் வாரம் இருவரும் டாக்டரம்மாவிடம் போனோம். நோட்டை மேசையில் வைத்தேன்.

"பூமியே சூடாகிட்டு வருது டாக்டர். என் மண்டை மட்டும் தப்பிக்குமா? சூடு ஏற ஏற வலி ஏறுது, பாருங்க. குளிர் நாட்டுக்கே போயிடுறதுதான் மருந்து."

பக்கங்களைப் புரட்டினார். "ரொம்பப் பொருத்தமா இருக்கே!"

"இவருக்கு அளக்கிறதுதானே தொழில்" என்றாள் மனைவி பெருமையாக. பிறகு பணிவாக, "ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். அந்த வெப்பமானியோட பேட்டரியை நான் பதினோரு நாளைக்கு முன்னாடியே கழட்டி சுவர்க் கடிகாரத்துல போட்டுட்டேன். அப்புறம் இவர் எதைப் பார்த்து எழுதினாரு?"

நான் நோட்டை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வலிக்கிறப்ப கண்ணையே திறக்க முடியாது. எண்ணை எப்படிப் படிக்கிறது? சும்மா... ஒரு உத்தேசமா..."

"வலியைப் பார்த்து வெயிலை எழுதியிருக்காரு டாக்டர்."

டாக்டரம்மா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். "பருவம் மாறுறப்ப, பகல் நீளம் மாறுறப்ப சிலருக்கு இது வருது. வெயிலாலயா, குளிராலயான்னு உறுதியாச் சொல்ல முடியலை. அங்க இருந்தப்ப வரலையா?"

"வந்துச்சே! அங்க குளிர்தான் காரணம்னு ஒரு நோட்டு எழுதினாரு. அதை நம்பித்தான் இங்க வந்தோம்."

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து தன் வகுப்பு அட்டவணையை எடுத்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் என் சரித்திரம்.

"சாப்பிட்டு சோஃபாவுல குட்டித் தூக்கம் போட்ட நாள்லதான் வலி வந்திருக்கு. குழாய் ரிப்பேர் நடந்து தூங்க முடியாத மூணு நாளும் வரலை. பக்கத்து வீட்டு ஃபோட்டோக்காரரோட சேர்ந்து பழச்சாறு குடிச்சேன்னு நீங்க சொன்ன ரெண்டு நாளும் வலி பத்து."

"பீர்னு உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். இப்ப."

தீர்ப்பு வந்தது. இந்த வலிக்காலம் முடியும்வரை மது கூடாது. பகல் தூக்கம் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழ வேண்டும். மாத்திரை உண்டு. வலி வந்தால் முகமூடி வைத்துப் பிராணவாயு.

"மத்தியானம் தூங்காம எப்படி இருக்கிறது?" என்று வழியெல்லாம் புலம்பினேன்.

"ரெண்டு மணி வகுப்புக்கு என்கூட வாங்க. பின் சீட் காலியாத்தான் இருக்கு."

மறுநாள் ஸ்டீயரிங்கில் ஒரு பல் டாக்டர். பிரேக்கை மட்டுமே நம்பும் பெண்மணி. அவர் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் என் மூக்கு முன் சீட்டோடு உறவு கொண்டாடியது. தூக்கமா? இரண்டு நாற்பது எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. பயத்தில் மூடிய கண்ணைத் திறந்தபோது மணி மூன்று. வலியைக் காணோம்.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. பத்தாம் நாள் வகுப்பு நடுவில் வலி வந்தது. மனைவி காரை வீட்டுக்கு விரட்டி, வாங்கிவைத்திருந்த பிராணவாயு சிலிண்டரைத் திறந்து, முகமூடியை மாட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அளவு காட்டும் முள்ளை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் திருப்புளி கழன்றுவிட்டது. அதன் பிறகு பத்தொன்பது நாளாக நிம்மதி.

யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாட்டிலும் வானத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனம் இளகிவிட்டது. வகுப்பு முடிந்து அவள் காரை நிறுத்தியதும், தொண்டையைச் சரிசெய்துகொண்டு அறிவித்தேன்.

"நல்லா யோசிச்சுட்டேன். உனக்காக அந்த நாட்டையே விட்டுக்கொடுக்கிறேன். நாம இங்கேயே இருப்போம்."

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள் மனைவி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு. "பள்ளிக்கூட அறைக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் போன மாசமே போட்டாச்சு. சாட்சிக் கையெழுத்து உங்களோடதுதான். தலையைப் பிடிச்சுக்கிட்டே போட்டீங்க."