வெண்டலுக்கு ஒரு கைத்துப்பாக்கி

“இதால சுட்டா கரடிக்குக் கோபம் மட்டும்தான் வரும்” என்றார் பக்கத்து வீட்டு ராய்ஸ்.

“அப்போ இது?” கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த இன்னொரு துப்பாக்கியைக் காட்டினார் வெண்டல்.

“இதுல கரடி செத்துடும். உன் மணிக்கட்டும் கூடவே போயிடும்.”

“நடுவுல எதுவும் இல்லையா?”

“நடுவுல இருக்கறதுல கரடியும் சாகாது, மணிக்கட்டும் மிஞ்சாது.”

கடைக்காரி மேவிஸ் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. வலை பின்னும் நூல்கண்டுகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஆணி, பெயின்ட், மழைச்சட்டை, படகு மோட்டாருக்கான எண்ணெய், துப்பாக்கி எல்லாம் அவர் கடையில்தான் கிடைக்கும். அதை விட்டால் அடுத்த கடைக்கு விமானம் ஏற வேண்டும்.

ஹார்க்கர் துறையில் இரண்டு தேவாலயங்களும் மூன்று மதுக்கடைகளும், கரடியைச் சுட எந்தக் கைத்துப்பாக்கி ஏற்றது என்பது பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளும் இருந்தன. ஊரின் மக்கள்தொகை முந்நூற்றுப் பதின்மூன்று. கருத்தே இல்லாத அந்த ஒருவர் வெண்டல் ஸ்டாக்.

முப்பத்தோரு வருடமாக அலாஸ்காவின் காடுகளுக்குள் போய் வந்தவர்தான் அவர். ஆனால் துப்பாக்கியைச் சுமந்தவள் மனைவி நோரீன். அவள் முன்னால் நடப்பாள். ரொட்டியையும் காப்பிக் குடுவையையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவார். மீன் ஆலையில் ஐஸ் எந்திரத்தைக் கவனித்து ஓய்வுபெற்ற மனிதருக்கு அந்த ஏற்பாடு மிகவும் வசதியாக இருந்தது.

ஆகஸ்டில் நோரீன் இறந்துபோனாள். டீல் ஏரிக்கரையில் இருவரும் சேர்ந்து கட்டிய மரக்குடிலுக்குப் பக்கத்தில் தன் சாம்பலைப் போடச் சொல்லியிருந்தாள்.

“பனி விழறதுக்குள்ள போட்டுடு. குளிர்காலம் பூரா உன் அலமாரிக்குள்ள என்னால இருக்க முடியாது.” அவள் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அக்டோபர் மூன்றாம் வாரம் ஏரி உறைந்துவிடும். உறைந்த ஏரியில் மிதவை விமானம் இறங்க முடியாது. இப்போது செப்டம்பர் பாதி. குடிலுக்குப் போகும் வழியில் உள்ள ஓடையில் கடைசி சால்மன் மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றைத் தின்பதற்குப் பழுப்புக் கரடிகள் வரிசையில் நின்றன. நோரீனின் ரைபிள் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாளே, மூஸ் மான் வேட்டைக்கு வேண்டும் என்று ராய்ஸ் அதை இரவல் வாங்கிப் போய்விட்டார். மூஸ் இன்னும் அகப்படவில்லையாம்.

“எனக்கு ஏதோ ஒண்ணு குடு மேவிஸ்” என்றார் வெண்டல் அலுப்புடன். “எது கைக்கு வருதோ அது. குண்டுகூட ஒரு பெட்டி வேண்டாம். நாலஞ்சு இருந்தா போதும்.”

மேவிஸின் கை நூல்கண்டின் மேல் நின்றது.

“கூட யாரு வர்றா?”

“யாரும் இல்ல. நானும் நோரீனும்தான்.”

“உன் நாய்?”

“விமானம் ஓட்டற ஷெல்பிகிட்ட குடுத்துட்டேன். வயசான நாய், அதுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?”

கடைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நான்கு பேரும் ஒரே சமயத்தில் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு முடிவு உண்டானது. நாற்பத்துநான்கு அளவுள்ள பெரிய ரிவால்வர். வெண்டல் அதை எடுக்கக் கை நீட்டினார். மேவிஸ் அதன் மேல் தன் கையை வைத்தார்.

“சுட்டுப் பாக்காம கைத்துப்பாக்கி வெளியில போகாது. கடை விதி.”

“போன மாசம் ராய்ஸ் வாங்கினப்போ அப்படி ஒரு விதி இல்லையே?”

“இந்த மாசந்தான் வந்துச்சு.”

ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டிய பள்ளத்தில்தான் எல்லோரும் சுட்டுப் பழகுவார்கள். துப்பாக்கியை ராய்ஸ் தன் வண்டியிலேயே எடுத்து வந்தார். மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. ஒரு காகிதக் கரடியை மரச்சட்டத்தில் குத்திவைத்துவிட்டு, ஒரே ஒரு குண்டைப் போட்டு வெண்டலிடம் கொடுத்தார்.

“மூச்சை இழுத்துப் பிடி. மெல்ல அழுத்து.”

வெண்டல் அழுத்தினார். குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. துப்பாக்கி எங்கே போனதென்று தெரிந்தது. அது வெண்டலின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்திருந்தது. காகிதக் கரடி நனைந்ததைத் தவிர அதற்கு வேறு சேதம் இல்லை.

நெற்றியில் பிளாஸ்திரியும் வலது மணிக்கட்டில் அட்டைக்கட்டும் போட்டு அனுப்பினார் மருத்துவ நிலையத்து நர்ஸ். மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது.

“நான் அப்பவே சொன்னேன்ல, பத்து மில்லிமீட்டர் பிஸ்டல்தான் உனக்கு லாயக்குன்னு” என்றார் ராய்ஸ், மறுநாள் கடையில்.

“நீ நாப்பத்துநாலுன்னுதான் சொன்னே.”

“அது உனக்கு மணிக்கட்டு இருந்தப்போ.”

பிஸ்டல் நன்றாகத்தான் இருந்தது. உதை குறைவு, குண்டு அதிகம். ஆனால் சுடுவதற்கு முன் அதன் மேல்பகுதியை இன்னொரு கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். கட்டுப் போட்ட கையால் வெண்டல் இழுத்தார். இடது கையால் இழுத்தார். துப்பாக்கியைத் தொடைகளுக்கு நடுவே வைத்து இழுக்கப் போனபோது மேவிஸ் அதைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

“இழுக்க முடியாதவங்களுக்கு இதைக் குடுக்கறதில்ல. கடை விதி.”

“இது எந்த மாசம் வந்துச்சு?”

“இப்பத்தான்.”

மேவிஸின் முகத்தில் சிரிப்பில்லை. வெண்டலுக்கும் சண்டை போடத் தெம்பில்லை. பத்து நாள் போய்விட்டது. மலையுச்சிகளில் வெள்ளை இறங்கத் தொடங்கியிருந்தது.

இடது கையால் சுடக்கூடிய சின்ன ரிவால்வர் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. கேட்காததால் கருத்து வராமலும் இல்லை.

“சரி, எடுத்துக்கோ” என்றார் மேவிஸ். “ஆனா எதுல வச்சுக்குவே?”

“கோட்டுப் பையில.”

“கரடி ஓடி வர்றப்போ பை பொத்தானைக் கழட்டிட்டிருப்பியா? நெஞ்சோட கட்டற உறை வேணும். ஆஸ்வால்ட்கிட்ட அளவு குடு. உறை வந்ததும் துப்பாக்கியை எடுத்துட்டுப் போ.”

ஆஸ்வால்ட் நாற்பது வருடமாகத் தோல் வேலை செய்பவர். குதிரைக்குக்கூட ஒரே தடவைதான் அளவெடுப்பார் என்று பெயர். வெண்டலுக்கு ஐந்து தடவை எடுத்தார். முதல் உறை வலது கைக்காரருக்குத் தைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை. மூன்றாவது உறை ராய்ஸுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

“நாப்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல” என்றார் ஆஸ்வால்ட், தரையைப் பார்த்தபடி. “உன் நெஞ்சுல ஏதோ கோளாறு.”

அது என்னவோ உண்மைதான் என்று வெண்டலுக்குத் தோன்றியது.

பகலைவிட மாலைதான் மோசம். நோரீனின் சட்டைகள் இருந்த அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும் என்று தினமும் நினைப்பார். அலமாரிக் கதவைத் திறந்ததும் வாசல் கதவு தட்டப்படும். ஒரு நாள் மூஸ் குழம்புடன் நர்ஸ். ஒரு நாள் ஹாலிபட் மீன் வறுவலுடன் ஆஸ்வால்ட்டின் மனைவி. ஒரு நாள் எலுமிச்சைக் கேக்குடன் பாதிரியார். பாதிரியாரும்கூட, ஜெபம் முடிந்த கையோடு, ரிவால்வரா பிஸ்டலா என்று ஆரம்பித்துவிட்டார். பதினாறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒரு நாள்கூட உள்ளே வந்து உட்காராத ராய்ஸ், இப்போது வாரத்தில் இரண்டு இரவு அவருடைய சோபாவில் குறட்டை விட்டார்.

“உனக்கு வீடு இல்லையா ராய்ஸ்?”

“இருக்கு. அங்க பத்து மில்லிமீட்டரைப் பத்திப் பேச ஆள் இல்ல.”

“இங்கயும் இல்ல.”

“நீ கேக்கறேல்ல. போதும்.”

அக்டோபர் இரண்டாம் வாரம் வெண்டல் துப்பாக்கியையே கைவிட்டார். கரடி முகத்தில் அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். அதை மேவிஸ் மறுபேச்சில்லாமல் கொடுத்ததோடு, இன்னொரு டப்பாவும் சேர்த்துக் கொடுத்தார். வெண்டல் நேராக மிதவை விமானத் துறைக்கு நடந்தார். விமானி ஷெல்பி என்ஜின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டலின் கிழட்டு நாய் அவள் காலடியில் படுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.

“நாளைக்கு டீல் ஏரிக்குப் போகணும் ஷெல்பி. துப்பாக்கி இல்லாமலே போறேன்.”

“ஸ்ப்ரேயை விமானத்துக்குள்ள வைக்க முடியாதுங்க. வெடிச்சா எனக்குக் கண்ணு போயிடும். வெளிய மிதவையிலதான் கட்டணும்.”

“கட்டு.”

“சரி. திரும்ப எப்போ வந்து கூட்டிட்டு வரணும்?”

வெண்டல் குடிலை நினைத்திருந்தார், ஓடையை நினைத்திருந்தார், மண்ணைத் தோண்டச் சின்ன மண்வெட்டிகூட எடுத்துவைத்திருந்தார். திரும்பி வருவதைப் பற்றி அவர் யோசித்திருக்கவே இல்லை.

“அது... பாத்துக்கலாம்” என்றார்.

ஷெல்பி அவரை வெகுநேரம் பார்த்தாள். என்ஜின் மூடியை மெல்லச் சாத்தினாள்.

“எண்ணெய் ஒழுகுது. நாளைக்கு முடியாதுங்க.”

மறுநாள் எண்ணெய் ஒழுகவில்லை, ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் மேகமாம். வெண்டல் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கம் வானம் கழுவித் துடைத்த தட்டு போல இருந்தது. அதற்கு அடுத்த நாள், ஒரே ஒரு ஆளுக்காகப் பறக்கக் கட்டுப்படியாகாது, இன்னும் இரண்டு பேர் சேரட்டும் என்றாள். வெண்டல் ராய்ஸைக் கூப்பிட்டார். ராய்ஸ் உடனே சம்மதித்தார். ஆஸ்வால்ட்டும் சம்மதித்தார். மூன்று பேரும் கிளம்பி வந்தபோது, மூன்று பேரின் எடையை அந்த மிதவைகள் தாங்காது என்று ஷெல்பி கண்டுபிடித்தாள்.

“நீதானே மூணு பேர் வேணும்னே?”

“மூணு ஒல்லியான பேரைச் சொன்னேன்.”

ராய்ஸ் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை மதியம், ஷெல்பியே வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். காலையில் ஏரிக்கு மேல் பறந்து பார்த்தாளாம். கரையிலிருந்து கரைவரை ஐஸ்.

அவள் போன பிறகு வெண்டல் கதவைச் சாத்தினார். நோரீனின் பச்சைத் தூண்டில் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அவளுடைய சாம்பல் அதில்தான் இருந்தது. எதிரே உட்கார்ந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

“மன்னிச்சுக்கோ நோரீன்” என்றார். “ஒரே ஒரு காரியம் சொன்னே. எனக்கு ஒரு துப்பாக்கிகூட வாங்கத் தெரியல.”

பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு அழுகை வரும்போலிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

வெண்டல் அசையவில்லை. மறுபடியும் தட்டப்பட்டது. மெல்ல, ஆனால் விடாமல். எழுந்து போய்க் கதவை இழுத்துத் திறந்தார்.

கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் நின்றிருந்தான். மூன்று வாரத்துக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த புது ஆசிரியன் கால்வின். ஊரின் மக்கள்தொகைக் கணக்கில் இன்னும் சேராதவன். இரண்டு கைகளிலும் துணி சுற்றி, ஆவி பறக்கும் மக்ரோனித் தட்டு ஒன்றை ஏந்தியிருந்தான்.

“நீயுமா?” என்றார் வெண்டல். “சொல்லு. நாப்பத்துநாலா, பத்தா? ரிவால்வரா, பிஸ்டலா? உன் கருத்தையும் சொல்லிட்டுக் கிளம்பு. ஏரி உறைஞ்சுபோச்சு. இனிமே எனக்குத் துப்பாக்கியும் வேண்டாம், குழம்பும் வேண்டாம், எந்த மனுஷனும் வேண்டாம்.”

கால்வின் பயந்துபோய் ஓரடி பின்வாங்கினான். ஆனால் போகவில்லை.

“ஐயோ, துப்பாக்கியப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது சார், மேவிஸ் கடைப் பின்கட்டுல ‘வெண்டல் கையில துப்பாக்கி சேரக் கூடாது, ஒரு சாயங்காலம்கூட அவர் தனியா இருக்கக் கூடாது’ன்னு ஆகஸ்டுலேருந்து ஒரு முறைப்பட்டியல் தொங்குது, ஊரே பேர் எழுதி முடிச்சு அதுல எனக்குக் கிடைச்சது இந்த வியாழக்கிழமை ஒண்ணுதான்.”