இரண்டு தட்டுகளுக்கு நடுவே வந்த வெள்ளம்

ஒரு காட்டில், யாருடைய உத்தரவையும் பெறாமல் பெருகி, யாரிடமும் சொல்லாமல் வடியும் ஆறு ஒன்று ஓடியது. அதன் கரைப்பாறையில் படிகள் இருந்தன. அங்கே அமர்ந்து நீர்மட்டத்தை அறிவிப்பது சடையன் என்னும் தவளையின் பணி. நீர் எத்தனையாம் படியைத் தொடுகிறதோ, அத்தனை முறை கத்தும். இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட உயரத்தை அது பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீர் அடுத்த படியைத் தொட்ட கணமே கத்திவிடும்.

ஐந்தாம் படிக்கு நேரே வடிவு என்னும் முள்ளம்பன்றியின் வளை. உள்ளே, முள் முற்றாத குட்டிகள். நான்கு கத்தல் கேட்டால், குட்டிகளோடு மேட்டுக்குப் போய்விடும்.

இந்தக் கத்தல் சிங்கத்தின் பகலுறக்கத்தைக் கெடுத்தது. எனவே மந்திரி நரி சீர்திருத்தம் கொண்டுவந்தது.

"சடையா, நீ தருவது குவாண்டைஸ்டு சிக்னல். நமக்கு வேண்டியது டிஜிட்டல்."

"திட்டுறதா இருந்தா புரியும்படி திட்டுங்க, நரியாரே. நானும் படிக்கணக்குதானே சொல்றேன்?"

"நீ உயரத்தை மட்டும் துண்டு போடுகிறாய், அது குவாண்டைஸ்டு. நாங்கள் காலத்தையும் துண்டு போடுவோம், அது டிஜிட்டல். மரங்கொத்தி தட்டும்போது மட்டும் கொக்கு கண் திறந்து படியைப் பார்க்கும். ஒற்றைக்கால், இரட்டைக்கால் என்று மாற்றி நின்று படியின் எண்ணைத் தெரிவிக்கும். சத்தமே இராது."

"ரெண்டு தட்டுக்கு நடுவுல தண்ணி ஏறினா?"

"நடுவில் எதுவும் நடக்காது. அப்படித்தான் ஏற்பாடு. நீ கத்தினால் கொக்குக்கு உணவாவாய்."

ஒரு பிற்பகல் மரங்கொத்தி தட்டியது. கொக்கு பார்த்தது, மூன்றாம் படி. கண்ணை மூடிக்கொண்டது. அதற்குள் மலையில் பெய்த மழை வந்து சேர்ந்தது. நீர் நான்காம் படியைத் தொட்டது. சடையன் கொக்கின் அலகைப் பார்த்தது. வடிவின் வளையைப் பார்த்தது. நான்கு முறை கத்தியது.

வடிவு குட்டிகளை மேட்டில் சேர்த்துத் திரும்பிப் பார்த்தபோது வளை நீருக்குள் இருந்தது. காட்டாறு வந்த வேகத்திலேயே வடிந்தது. மரங்கொத்தி தட்டியது. கொக்கு பார்த்தது, மூன்றாம் படி.

சபை கூடியது.

"முன் தட்டிலும் மூன்று, அடுத்த தட்டிலும் மூன்று. வெள்ளம் வரவில்லை," என்றது நரி.

"அப்புறம் நான் ஏன் நனைஞ்சிருக்கேன்?" என்றது வடிவு.

"அது உன் சொந்த விஷயம்."

"ராசாவோட பிடரியும் சொட்டுதே."

சிங்கம் சற்றே யோசித்தது. "எனக்கு வியர்த்திருக்கிறது," என்றது.

பொய்க்கூக்குரல் எழுப்பியதற்காகச் சடையனைக் கொக்கின் முன் நிறுத்தினர். மரங்கொத்தி தட்டியது, எல்லோரும் சடையனைக் கண்ணாரக் கண்டனர். அடுத்த தட்டில் விழுங்க வேண்டும் என்பது தீர்ப்பு. நடுவில் எதுவும் நடக்காது என்பதால் சபை முழுவதும் ஒழுங்காகக் கண்மூடி நின்றது. வடிவு மட்டும் ஒரு கண்ணைத் திறந்தது.

"அண்ணே, என்ன வேடிக்கை பார்க்குற? போயேன்."

மரங்கொத்தி தட்டியது. சடையன் இல்லை.

"முன் தட்டில் இருந்தது, இந்தத் தட்டில் இல்லை. ஆகவே விழுங்கப்பட்டது," என்று நரி அறிவித்தது.

"எனக்குப் பசிக்கிறதே," என்றது கொக்கு.

"பசியில்லை என்று காலை மாற்றி நில்."

கொக்கு மாற்றி நின்றது.

அடுத்த மழையில், வடிவின் புது வளை வாசலிலிருந்து நான்கு கத்தல் கேட்டது. சிங்கம் விழித்துச் சீறியது. "யார் அது?"

"இறந்துபோன தவளை, அரசே. இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது," என்றது நரி.

சிங்கம் மறுபக்கம் புரண்டு படுத்தது. இம்முறை சற்று மேட்டில்.

நீதி: உயரத்தை மட்டும் வெட்டுபவரிடம் உண்மை சற்றே குறையும், காலத்தையும் வெட்டுபவரிடம் மாட்டிக்கொண்டால், தப்பி ஓட வேண்டிய இடைவெளியை அவரே தந்துவிடுவார்.