பார்த்தாலே தெரிகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அது யாரையும் கேட்டு அறியாது, பார்த்தே முடித்துவிடும். "இவனைப் பாத்தாலே தெரியுதே!" என்பதுதான் அதன் கூவல். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த இனத்தின் அசல் சரக்கு, சண்டைப் படங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்ட். படப்பிடிப்பில் எல்லோரும் அவரைத் 'தராசு' என்பார்கள். டீ கிளாஸ் கழுவ வந்தவர், இன்று நூறு பேரை ஒரு கையசைப்பில் நிறுத்துகிறவர். காலையில் அவர் ஷெட் வாசலில் வேலை கேட்டு வரிசை நிற்கும். பேர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார், தாடையைத் தூக்கிப் பார்ப்பார். கறுத்த உடம்பும் தழும்புமாக இருந்தால் இடது பெஞ்சு: அடியாள், கடத்தல்காரன், கதாநாயகன் உதைத்ததும் தக்காளிக் கூடைமேல் போய் விழுகிறவன். வெளுத்த முகமும் கண்ணாடியுமாக இருந்தால் வலது பெஞ்சு: டாக்டர், விஞ்ஞானி, நேர்மையான போலீஸ். காட்டுவாசி என்றால் கையில் ஈட்டி, வாயில் 'ஹூ ஹூ'. மீனவன் என்றால் படகுக்கடியில் கட்டாயம் தங்கக்கட்டி. ஏழைத் தாய் என்றால் இருமல். இளம்பெண் என்றால் ஒரு நாற்காலி, ஒரு கயிறு. மெக்கானிக் கையில் ஸ்பேனர் எதற்கு? வண்டியை ரிப்பேர் செய்யவா? யார் மண்டையையாவது பிளக்கத்தான்.

"நானா இப்படிப் பிரிச்சேன்? தியேட்டர்ல உக்காந்திருக்கறவனுக்கு ஆள் வந்ததுமே புரியணும். மூணு செகண்டுதான் டைம்" என்பார்.

நியாயம்தான், தியேட்டரோடு நிறுத்தியிருந்தால். வீட்டுக்கும் அல்லவா கொண்டுபோனார்! மகளுக்கு வந்த முதல் வரனைப் புருவத்தைப் பார்த்தே தள்ளினார்: "இடைவேளைக்கப்புறம் மாறிடுவான்." இரண்டாவது பையன் பாவம், கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டான். "ஹீரோவோட நண்பன் மூஞ்சி. பாதியிலயே செத்துடுவான்."

மூன்றாவது ஆளை மகளே பார்த்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவன்.

"அவரோட அப்பா ஹெட்மாஸ்டர். நாளைக்குப் பத்து மணிக்கு உங்க ஷெட்டுக்கே வர்றார். அவர் சரின்னாத்தான் கல்யாணம். இதையும் கெடுத்தீங்கன்னா இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேசமாட்டேன்ப்பா."

தராசு சிரித்தார். ஒரு ஹெட்மாஸ்டரைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரியாதா?

மறுநாள் பத்து மணிக்கு இரண்டு புது முகங்கள் வந்தன. ஒருவர் ஒல்லி, வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. இன்னொருவர் கதவையே அடைக்கிற உடம்பு, கன்னத்தில் நீளத் தழும்பு. யோசிக்க என்ன இருக்கிறது?

"வாங்க சம்பந்தி, வாங்க!" என்று கண்ணாடிக்காரரைத் தம் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. தழும்புக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அடியாளுக்கு டயலாக் கிடையாது! போய்யா, இடது பெஞ்சு!"

அவர் கையில் ரப்பர் கம்பியைத் திணித்து, முகத்தில் கரியைப் பூசி, முதல் ஷாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

தராசு அரைமணி நேரம் மகளின் பெருமையைப் பாடினார். கண்ணாடிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாலாவது பிஸ்கட்டை முடித்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"எல்லாம் சரிண்ணே. நான் மாடியிலேர்ந்து குதிக்கற ஆளு. இன்னைக்கு வேலை இருக்குமா?"

தராசு எழுந்து ஓடிய ஓட்டத்தை எந்தக் கதாநாயகனும் ஓடியதில்லை. அங்கே ஹெட்மாஸ்டர் தக்காளிக் கூடைகளிலிருந்து மூன்றாம் முறையாக எழுந்துகொண்டிருந்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க! இன்னார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"எங்க சொல்றது? விரலெல்லாம் மோதிரம், சுத்தி நாப்பது தடியனுங்க, வாயைத் தெறந்தா அதட்டல். இடம் மாறி ஏதோ கொள்ளைக்கூட்டத்துல நுழைஞ்சுட்டேன், நீங்கதான் தலைவன்னு நெனச்சேன். உசுரோட வீடு போய்ச் சேரணுமேன்னு கம்பியை வாங்கிக்கிட்டேன்."

"நானா? நான் ஹீரோவோட அப்பா மூஞ்சி சார்!"

"யார் சொன்னா?"

தராசு மோதிரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கல்யாணம்..." என்று இழுத்தார்.

ஹெட்மாஸ்டர் காதிலிருந்து தக்காளி விதையை எடுத்தார். "பண்ணிடலாம். ஆனா இந்தப் படத்துல ஒரு ஹெட்மாஸ்டர் வர்றாராமே, அந்த வேஷத்தை எனக்கு வாங்கிக் குடுங்க."

தராசு டைரக்டரிடம் போய் நின்றார். டைரக்டர் ஹெட்மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரை ஹெட்மாஸ்டர்னு எவன்ணே நம்புவான்?"

"சார், இவர் நிஜமாவே ஹெட்மாஸ்டர்!"

"நிஜத்துல இருக்கலாம். படத்துல எடுபடாது."

தராசின் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முகத்துக்காக அவர் வாதாடினார், கெஞ்சினார், கடைசியில் நாற்பது பேரையும் திரும்பக் கூட்டிப்போய்விடுவேன் என்று மிரட்டினார். டைரக்டர் இறங்கிவந்தார். வேஷம் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. படம் வந்தபோதுதான் தெரிந்தது: இடைவேளைக்குப் பிறகு அந்த ஹெட்மாஸ்டரே கடத்தல் தலைவன் என்று கதையை மாற்றிவிட்டிருந்தார்கள்! தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் தராசிடமே சொன்னார்: "நான் மொதல்லயே சொன்னேன் பாருங்க, அவனைப் பாத்தாலே தெரிஞ்சுதே!"

சிரிக்கிறீர்கள். நல்லது. இவ்வளவு நேரமும் இதைச் சொல்லிவந்த எனக்கும் மனதுக்குள் ஒரு உருவம் வரைந்திருப்பீர்களே, மீசையை எவ்வளவு நீளம் வைத்தீர்கள்? யாரைக் கேட்டு வைத்தீர்கள்?